செவுளிலிருந்து செவி வரை

மீன் வாங்கச் செல்பவர் முதலில் செவுளைத் தூக்கிப் பார்க்கிறார். உள்ளே இரத்தச் சிவப்பாக இருந்தால் மீன் புதியது. வெளிறியோ பழுப்பேறியோ இருந்தால் பழையது. இதே 'செவுள்' என்னும் சொல்லைத் தமிழர் மனித முகத்துக்கும் வழங்குகின்றனர். 'செவுளில் ஓர் அறை விட்டான்' என்றால், காதுக்கும் தாடைக்கும் நடுவே விழுந்த அடி என்பது எல்லோருக்கும் விளங்கும். மீனின் மூச்சுறுப்புக்கும் மனிதக் கன்னத்தின் காதோரப் பகுதிக்கும் ஒரே பெயர் அமைந்தது எவ்வாறு என்பதை மொழியறிஞர் ஆராயட்டும். உடற்கூற்றியல் வழியே நோக்கினால் அப்பெயர் மிகவும் பொருந்துகிறது. மீனின் செவுள்களைத் தாங்கும் வளைவுகள் எந்தக் கரு அமைப்பிலிருந்து தோன்றுகின்றனவோ, அதே அமைப்பிலிருந்துதான் நம் தாடையும், நடுச்செவியின் சிற்றெலும்புகளும், குரல்வளையும், இதயத்தை ஒட்டிய பெரிய இரத்தக் குழாய்களுள் சிலவும் தோன்றுகின்றன.

இச்செய்தியில் வியப்போடு பயனும் உண்டு. இவ்வமைப்பு கருவில் உருவாகும் காலம் மிகக் குறுகியது. பெரும்பாலும் தாய்க்கே தான் கருவுற்றிருப்பது உறுதியாகத் தெரியாத காலம். அந்நாட்களில் என்ன நிகழ்கிறது என்பதை அறிந்த குடும்பம், பிறக்கவிருக்கும் குழந்தையைக் காக்கச் சில எளிய முடிவுகளை எடுக்க இயலும். குறையோடு ஒரு குழந்தை பிறந்துவிட்டால், தாயின் மீது பழி சுமத்தாமல் உரிய சிகிச்சையை நாடவும் இயலும்.

ஓர் அடித்தளம், பல வடிவங்கள்

புணே – நாசிக் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள சாகண், ஒரு காலத்தில் கோட்டைக்கும் வெங்காயச் சந்தைக்கும் பெயர் பெற்ற ஊர். இன்று அது இந்தியாவின் முக்கிய வாகன உற்பத்தி மையங்களுள் ஒன்று. இரு சக்கர வாகனங்கள், கார்கள், சரக்கு வாகனங்கள், அவற்றுக்கான எண்ணற்ற உதிரிப் பாகங்கள் ஆகியவை அங்கே உருவாகின்றன. அங்குள்ள தொழிற்கூடங்களில் பணிபுரியும் தமிழர்களுள் இவ்விதழின் வாசகர்களும் இருக்கக்கூடும். அவர்களுக்கு நன்கு தெரிந்த ஒரு தொழில்நுட்ப வழக்கம், நம் பொருளை விளக்க உதவும்.

வாகனத் தொழிலில் ஒவ்வொரு வண்டிக்கும் அடித்தளத்தைப் புதிதாக வடிவமைப்பதில்லை. ஒரே அடித்தளத்தை நீட்டியும் குறுக்கியும், மேற்கூட்டை மாற்றியும் பல வண்டிகளை உருவாக்குகின்றனர். சாகணில் 2009-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஃபோக்ஸ்வாகன் ஆலையில் போலோ என்னும் சிறிய காரும் வென்டோ என்னும் நீண்ட காரும் அவ்வாறே ஒரே அடித்தளத்திலிருந்து பிறந்தவை. வெளித்தோற்றத்தில் இரண்டும் வேறு. அடியில் படுத்துப் பார்க்கும் மெக்கானிக்குக் குடும்ப ஒற்றுமை உடனே தெரிந்துவிடும்.

முதுகெலும்புள்ள உயிர்களின் தலையும் கழுத்தும் இம்முறையில் அமைந்தவையே. சுறா, தவளை, கோழி, பசு, மனிதன் ஆகிய அனைத்துக்கும் தொடக்க அடித்தளம் ஒன்று. உவமை ஓரிடத்தில் மட்டும் பொருந்தாது. ஆலையில் பழைய மாதிரியை நிறுத்திவிட்டு, எந்திரங்களை மாற்றிப் புதிய மாதிரியைத் தொடங்கலாம். உயிர்களின் பரிணாமத்தில் அத்தகைய இடைநிறுத்தத்துக்கு வழியில்லை. ஒவ்வொரு தலைமுறையும் உண்டு, மூச்சுவிட்டு, வாழ்ந்தாக வேண்டும். ஆகவே மாற்றமெல்லாம், ஏற்கெனவே உள்ள உறுப்பைச் சிறிது சிறிதாகத் திருத்தி வேறு பணிக்குப் பயன்படுத்துவதாகவே அமைந்தது. நம் உடலின் சில விந்தையான அமைப்புகளுக்கு இதுவே காரணம்.

முட்டைக்குள் தெரியும் வளைவுகள்

1825-ஆம் ஆண்டில் ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் மார்ட்டின் ராத்கே, பன்றிக் கருவின் கழுத்துப் பகுதியில் மீனின் செவுள் பிளவுகளை ஒத்த பள்ளங்களைக் கண்டு வெளியிட்டார். காற்றை மூச்சாகக் கொள்ளும் விலங்கின் கருவில் செவுளைப் போன்ற அமைப்பு ஏன் தோன்ற வேண்டும் என்னும் கேள்வி அறிவுலகை ஈர்த்தது. பின்னர்க் கோழிக் கருவிலும் மனிதக் கருவிலும் அவ்வமைப்பு காணப்பட்டது.

கோழி முட்டையில் இதைக் காண்பது எளிது. இருபத்தொரு நாள் அடைகாக்கப்பட வேண்டிய முட்டையை மூன்றாம் நாள் அளவில் கவனமாகத் திறந்து உருப்பெருக்கியின் கீழ் வைத்தால், துடிக்கும் இதயத்துக்கு மேலே, தலைக்கு அடியில், வரிசையாகச் சில சிறு மேடுகள் தெரியும். அவையே செவுள் வளைவுகள்; மருத்துவ நூல்கள் அவற்றைத் தொண்டை வளைவுகள் எனக் குறிக்கின்றன. கோழிக் கருவைக் கொண்டு வளர்ச்சியியலை ஆராயும் மரபு புணேயில் வேரூன்றியது. எடின்பரோவில் புகழ்பெற்ற கருவியல் அறிஞர் வாடிங்டனின் ஆய்வகத்தில் பயின்ற லீலா முல்ஹேர்கர், புணே பல்கலைக்கழக விலங்கியல் துறையில் அம்மரபை வளர்த்தவர். கோழிக் கருவின் ஒரு பகுதித் திசு, அண்டைத் திசுவின் வளர்ச்சியை எவ்வாறு தூண்டுகிறது என்பது பற்றிய அவருடைய ஆய்வுக் கட்டுரை 1958-இல் வெளிவந்தது. ஒரு திசு மற்றொன்றுக்குக் குறிப்புக் கொடுத்து வளர்க்கும் இம்முறையே செவுள் வளைவுகளின் வளர்ச்சிக்கும் அடிப்படை.

மனிதக் கருவில் இவ்வளைவுகள், கரு உண்டாகி ஏறத்தாழ 22 நாட்கள் கழித்துத் தோன்றத் தொடங்குகின்றன. நான்காம் வாரத்தின் இறுதியில் நான்கு இணைகள் வெளியே தெரியும். அப்போது கருவின் நீளம் ஓர் அரிசி மணியின் அளவைத் தாண்டாது. மருத்துவர்கள் கர்ப்ப காலத்தைக் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து கணக்கிடுவதால், அவர்களுடைய கணக்கில் இது ஆறாம் வாரம்.

ஒவ்வொரு வளைவிலும் நான்கு பொருள்கள் தவறாமல் அடங்கியுள்ளன: ஓர் இரத்தக் குழாய், ஒரு குருத்தெலும்புத் தண்டு, ஒரு தசைத் தொகுதி, அத்தசையை இயக்கும் ஒரு நரம்பு. குருத்தெலும்பை உருவாக்கும் செல்கள் வளைவில் பிறந்தவை அல்ல. மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாயின் மேல்விளிம்பிலிருந்து 'நரம்பு முகட்டுச் செல்கள்' என்பவை புறப்பட்டுப் பயணம் செய்து ஒவ்வொரு வளைவிலும் குடியேறுகின்றன. முகத்தின் எலும்புகளில் பெரும்பகுதி இந்தக் குடியேறிகளின் படைப்பே.

இங்கே ஒரு பரவலான தவறான கருத்தைத் திருத்திக்கொள்வது நல்லது. மனிதக் கரு முதலில் மீனாகி, பின்னர்த் தவளையாகி, அதன்பின் மனிதனாகிறது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் எர்ன்ஸ்ட் ஹெக்கல் போன்றோர் கருதினர். அது சரியன்று. மனிதக் கருவுக்கு எந்த நிலையிலும் செவுள் இருப்பதில்லை. வளைவுகளுக்கு இடையிலுள்ள பள்ளங்கள் வழியே அது நீரை மூச்சாகக் கொள்வதும் இல்லை. வளர்ந்த மீனை நம் கரு ஒத்திருப்பதில்லை. மீனின் கருவைத்தான் ஒத்திருக்கிறது. ஒரே தொடக்கத்திலிருந்து மீன் தன் வழியிலும் மனிதன் தன் வழியிலும் பிரிந்து செல்கின்றனர்.

எந்த வளைவு எதுவாகிறது?

முதல் வளைவு தாடைகளை உருவாக்குகிறது. மெல்லும் தசைகளும் அவற்றை இயக்கும் ஐந்தாம் மூளை நரம்பும் இதற்குரியவை. நடுச்செவியில் உள்ள சுத்தி எலும்பும் பட்டடை எலும்பும் இவ்வளைவின் குருத்தெலும்பிலிருந்து பிறக்கின்றன.

இரண்டாம் வளைவிலிருந்து அங்கவடி எலும்பும், நாக்கின் அடியிலுள்ள நாவடி எலும்பின் மேற்பகுதியும் தோன்றுகின்றன. இவ்வளைவின் தசைகள் முகமெங்கும் பரவிச் சிரிப்பு, சினம், வியப்பு ஆகியவற்றைக் காட்டும் தசைகளாகின்றன. அவற்றை இயக்குவது ஏழாம் மூளை நரம்பு.

மூன்றாம் வளைவு நாவடி எலும்பின் எஞ்சிய பகுதியையும், விழுங்க உதவும் ஒரு தசையையும், மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் கழுத்துத் தமனிகளின் ஒரு பகுதியையும் தருகிறது. நான்காம், ஆறாம் வளைவுகள் குரல்வளையின் குருத்தெலும்புகளையும் தசைகளையும் உருவாக்குகின்றன. ஐந்தாம் வளைவு மனிதரில் நிலைப்பதில்லை. எண்ணிக்கை மட்டும் பழைய வரிசைப்படியே தொடர்கிறது. நான்காம் வளைவின் இடப்பக்கக் குழாய், இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் வளைந்த பகுதியில் இடம்பெறுகிறது.

வளைவுகளுக்கு இடையே உட்புறமாக அமைந்த பைகளும் வீணாவதில்லை. முதற்பை நடுச்செவியின் அறையாகவும், அதைத் தொண்டையோடு இணைக்கும் குழலாகவும் மாறுகிறது. சளி பிடித்தால் காது அடைப்பதும், விமானம் இறங்கும்போது எச்சில் விழுங்கினால் அடைப்பு நீங்குவதும் இக்குழலால்தான். இரண்டாம் பையில் டான்சில் அமைகிறது. மூன்றாம் பையிலிருந்து, நோய் எதிர்ப்புச் செல்களைப் பயிற்றுவிக்கும் தைமஸ் சுரப்பி தோன்றி மார்புக்குள் இறங்குகிறது. மூன்றாம், நான்காம் பைகள் பாராதைராய்டு சுரப்பிகளையும் தருகின்றன. இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்தின் அளவைக் காப்பது இவற்றின் பணி. மீன் தன் உடலின் சுண்ணாம்புச் சத்தை நீரிலிருந்து பெறுவதும் சமன் செய்வதும் செவுளின் வழியேதான் என்பது இங்கே நினைக்கத்தக்கது.

தாடை, செவியான வரலாறு

மேற்கண்ட பட்டியலில் மிகவும் வியப்பூட்டுவது செவியின் எலும்புகளே. 1837-ஆம் ஆண்டில் கார்ல் ரைக்கெர்ட் என்னும் அறிஞர், பாலூட்டிகளின் கருவை ஆராய்ந்து ஒரு முடிவை வெளியிட்டார். ஊர்வனவற்றில் மேல்தாடையும் கீழ்த்தாடையும் சந்திக்கும் மூட்டிலுள்ள இரண்டு எலும்புகள், பாலூட்டிகளில் சுத்தி எலும்பாகவும் பட்டடை எலும்பாகவும் மாறியுள்ளன என்பதே அம்முடிவு. பல்லியின் தாடை மூட்டு நம் காதுக்குள் இருக்கிறது என்றால் நம்ப அரிதாகத் தோன்றும். ஆயினும் பிற்காலத்தில் கிடைத்த புதைபடிவங்கள் அதை உறுதி செய்தன. மோர்கனுகோடான் என்னும் மிகப் பழைய பாலூட்டி உறவினத்தின் தாடையில் பழைய மூட்டும் புதிய மூட்டும் அருகருகே இருந்தன. புதிய மூட்டு மெல்லும் சுமையை ஏற்றுக்கொள்ள, பழைய மூட்டின் எலும்புகள் சிறுத்து, ஒலியைக் கடத்துவதையே தம் தொழிலாகக் கொண்டன. வேலை செய்யும் ஆலையை நிறுத்தாமலேயே எந்திரத்தை மாற்றியதற்கு இது சான்று.

இந்திய மண்ணிலும் அக்காலத்துப் பாலூட்டிகள் வாழ்ந்தன. பிராணஹிதா – கோதாவரிப் பள்ளத்தாக்கின் கோட்டா பாறைப் படிவுகளிலிருந்து, ஜுராசிக் காலத்தைச் சேர்ந்த மிகச் சிறிய பாலூட்டி ஒன்றின் பல்லை பி. எம். தத்தா 1981-ஆம் ஆண்டில் விவரித்தார். இந்தியாவைத் தம் நாடாக ஏற்றுக்கொண்ட உயிரியல் அறிஞர் ஹால்டேனின் நினைவாக அதற்குக் கோட்டாதீரியம் ஹால்டேனி என்று பெயரிடப்பட்டது.

அங்கவடி எலும்பின் கதை இன்னும் பழையது. சுறாவிலும் பிற மீன்களிலும் இரண்டாம் வளைவின் மேற்பகுதி, தாடையை மண்டையோட்டோடு தாங்கிப் பிடிக்கும் தடித்த தூணாக இருக்கிறது. நிலத்தில் வாழத் தொடங்கிய உயிர்களில் அத்தூண் மெலிந்து, ஒலி அதிர்வைக் கடத்தும் கோலாயிற்று. இன்று அது ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீளமே உடையது. மனித உடலின் மிகச் சிறிய எலும்பு அதுவே. மூன்று சிற்றெலும்புகளும் செவிப்பறையும் சேர்ந்து, உட்செவியின் திரவத்தைச் சேரும் ஒலியழுத்தத்தை ஏறத்தாழ 20 மடங்கு பெருக்குகின்றன.

ஆலையின் இரைச்சலும் ஆறு மில்லிமீட்டர்த் தசையும்

அங்கவடி எலும்பைப் பிடித்திருக்கும் தசை ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் நீளமுடையது. மிகுந்த ஓசை கேட்டவுடன் அது சுருங்கி, எலும்பின் அசைவைக் குறைத்து, உட்செவிக்குச் செல்லும் அதிர்வை மட்டுப்படுத்துகிறது. முகத்தின் உணர்ச்சித் தசைகளைப் போலவே இதுவும் இரண்டாம் வளைவின் பிள்ளை; இதையும் ஏழாம் நரம்பே இயக்குகிறது. முகவாதம் வந்து ஒரு பக்கம் கோணியவர்களுள் சிலர், அந்தப் பக்கக் காதில் சாதாரண ஓசையும் பெருங்கூச்சலாகக் கேட்கிறது என்று கூறுவது இதனாலேயே. சிரிக்கும் தசையும் செவி காக்கும் தசையும் ஒரே நரம்பில் தொங்குகின்றன.

இப்பாதுகாப்புக்கு ஒரு வரம்பு உண்டு. ஓசை கேட்டபின் தசை முழுமையாகச் சுருங்க விநாடியில் பத்தில் ஒரு பங்கு அளவு காலம் தேவைப்படுகிறது. இடி முழக்கத்துக்கும் நம் சொந்தக் குரலுக்கும் அது போதுமானது. தகட்டை ஒரே அடியில் வளைக்கும் பிரஸ் எந்திரத்தின் ஓசையோ, அதற்கு முன்பே உட்செவியை அடைந்துவிடும். நாள் முழுவதும் நீடிக்கும் இரைச்சலிலும் இத்தசை களைத்துத் தளர்கிறது. இயற்கை அமைத்த இக்காவலன், சாகணின் தகடு வார்ப்புக் கூடத்தைக் கருதி உருவானவன் அல்லன்.

இரைச்சலால் அழிவது உட்செவியிலுள்ள நுண்மயிர்ச் செல்கள். மீன்களும் பறவைகளும் அவற்றை மீண்டும் வளர்த்துக்கொள்ள வல்லவை. நாம் அவ்வாற்றலை இழந்துவிட்டோம். ஆகவே ஒருமுறை இழந்த செவிப்புலன் திரும்புவதில்லை. தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேரப் பணிக்கு 90 டெசிபல் என்பதை உச்ச அளவாகக் கொண்டுள்ளன. இரைச்சலால் ஏற்படும் செவிக்குறை, 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அறிவிக்கப்பட வேண்டிய தொழில்சார் நோயாக இடம்பெற்றிருந்தது. கையெட்டும் தொலைவில் நிற்பவரிடம் உரத்துப் பேசினால்தான் கேட்கிறது என்றால், அவ்விடத்தில் காதடைப்பான் இன்றி நிற்றல் கூடாது. பணி முடிந்தபின் காதில் ரீங்காரம் நீடித்தால் செவிப்பரிசோதனைக்குக் காலம் தாழ்த்தலாகாது.

குரல் நரம்பின் நீண்ட பயணம்

பழைய அமைப்பைத் திருத்திப் பயன்படுத்தியதன் அடையாளம் குரல்வளை நரம்பில் தெளிவாகத் தெரிகிறது. ஆறாம் வளைவின் தசைகளை இயக்கும் நரம்பு, கருவில் அவ்வளைவின் இரத்தக் குழாய்க்குக் கீழாகச் சென்றது. கழுத்து நீண்டு, இதயம் மார்புக்குள் இறங்கியபோது, அக்குழாயும் உடன் இறங்கி நரம்பைக் கீழே இழுத்துச் சென்றது. எனவே இடப்பக்கக் குரல்வளை நரம்பு மூளையிலிருந்து கழுத்தின் வழியே மார்புக்கு இறங்கி, பெருந்தமனியின் வளைவைச் சுற்றி, மீண்டும் மேலேறிக் குரல்வளையை அடைகிறது. ஒட்டகச்சிவிங்கியில் இச்சுற்றுவழி நான்கு மீட்டருக்கும் மேற்பட்டது.

இந்தச் சுற்றுவழி மருத்துவருக்கு ஒரு துப்பு. மார்பினுள் தோன்றும் கட்டியோ, விரிந்த பெருந்தமனியோ அந்நரம்பை அழுத்தினால், நோயாளிக்கு முதலில் தெரிவது குரல் கம்மலாக இருக்கக்கூடும். தைராய்டு அறுவைச் சிகிச்சையின்போது மருத்துவர்கள் இந்நரம்பைத் தேடிக் காப்பதும் இதனாலேயே. மூன்று வாரங்களுக்கு மேல் குரல் கம்மியே இருந்தால், கஷாயத்தோடு நிறுத்திவிடாமல் காது மூக்குத் தொண்டை மருத்துவரைக் காண வேண்டும்.

ஆறாம் வளைவின் இடப்பக்கக் குழாய் மற்றோர் அரிய பணியையும் செய்கிறது. தாயின் வயிற்றில் குழந்தையின் நுரையீரல் வேலை செய்வதில்லை. அதனால் நுரையீரலுக்குச் செல்ல வேண்டிய இரத்தத்தை இக்குழாய் பெருந்தமனிக்குத் திருப்பிவிடுகிறது. குழந்தை பிறந்து மூச்சுவிட்ட சில நாட்களுக்குள் அது மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால் இதய மருத்துவரின் உதவி தேவை. சில வலிநிவாரணி மாத்திரைகள் இக்குழாயைச் சுருக்கக்கூடியவை. கர்ப்பத்தின் பிற்பகுதியில் ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகளைத் தாமாக வாங்கி உண்ணலாகாது என்று மருத்துவர்கள் எச்சரிப்பதற்கு இது முக்கியக் காரணம்.

இணைப்பு நிறைவுறாதபோது

இத்தனை சிக்கலான அமைப்பு பெரும்பாலான குழந்தைகளில் பிழையின்றி நிறைவேறுவதே பெரிய செய்தி. சிலரில் ஏதேனும் ஓர் இணைப்பு நிறைவுறாமல் போகிறது. காதின் முன்புறம் ஊசித்துளை போன்ற சிறு பள்ளம் சிலருக்கு இருக்கும். வெளிக்காது ஆறு சிறு மேடுகள் இணைந்து உருவாவது. அவ்விணைப்பில் விடுபட்ட இடமே அப்பள்ளம். அதில் சீழ் வைக்காத வரை கவலையில்லை. கழுத்தின் பக்கவாட்டில் மெல்ல வளரும் நீர்க்கட்டி, மூடாமல் எஞ்சிய கழுத்துப் பள்ளத்தின் தடமாக இருக்கலாம். மருத்துவர் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

முதல் வளைவின் மேல்தாடை மேடுகள் நடுப்பகுதியோடு இணையும்போது மேலுதடும் அண்ணமும் உருவாகின்றன. உதடு ஏழாம் வாரத்துக்குள்ளும், அண்ணம் பன்னிரண்டாம் வாரத்துக்குள்ளும் இணைந்துவிட வேண்டும். இணையாதபோது உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் ஏற்படுகின்றன. உலக அளவில் ஏறத்தாழ 700 பிறப்புகளில் ஒன்றில் இது காணப்படுகிறது.

தமிழகத்திலும் மகாராஷ்டிரத்திலும் இதற்குக் கிரகணத்தைக் காரணமாகக் கூறுவோர் உண்டு. கிரகண நேரத்தில் கர்ப்பிணி கத்தியைத் தொட்டதால் குழந்தையின் உதடு பிளந்தது என்பர். கிரகணத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. மரபணுக்களும், கரு வளர்ந்த சூழலும் பலவகையில் சேர்ந்து இதை விளைவிக்கின்றன. பல குடும்பங்களில் குறிப்பிட்ட ஒரு காரணத்தைச் சுட்டவே இயலாது. குறையோடு பிறந்த குழந்தைக்குப் பாலூட்டும் வழியைக் கற்றுக்கொள்ள வேண்டிய நாட்களில், அத்தாய் பழிச்சொல்லையும் சுமக்க நேர்வது பெருங்கொடுமை. இதை எந்த மருத்துவமனையும் தீர்த்துவைக்க இயலாது. குடும்பத்தார்தாம் தீர்க்க வேண்டும்.

பிளவைச் சீர்செய்யும் மருத்துவம் நன்கு வளர்ந்துள்ளது. முகச் சீரமைப்புக் கலை புணேக்குப் புதியதும் அன்று. போரில் மூக்கறுபட்ட ஒரு வண்டியோட்டிக்கு, நெற்றித் தோலைக் கொண்டு புணேப் பகுதியில் மூக்கு அமைக்கப்பட்ட செய்தி 1794-ஆம் ஆண்டில் லண்டன் இதழொன்றில் வெளிவந்து, ஐரோப்பிய மருத்துவர்களை வியக்க வைத்தது. இன்று உதட்டுப் பிளவை மூன்று முதல் ஆறு மாதத்திலும், அண்ணப் பிளவை ஒன்றரை வயதுக்குள்ளும் சீர்செய்வது வழக்கம். அண்ணத்தைப் பேச்சுப் பழகும் முன்பே மூடினால்தான் சொற்கள் மூக்கொலியின்றித் தெளிவாக அமையும்.

வெளிக்காது வளராமலோ துளை மூடியோ பிறக்கும் குழந்தைகளைப் பற்றியும் ஒரு செய்தி பெற்றோருக்கு ஆறுதல் தரும். வெளிச்செவியும் நடுச்செவியும் செவுள் வளைவுகளிலிருந்து வந்தவை. உட்செவியோ தனியான வேறு திசுவிலிருந்து தோன்றுவது. எனவே காது வெளியே அமையாத பல குழந்தைகளுக்கு உட்செவி நன்றாகவே இருக்கும். எலும்பின் வழியே அதிர்வை அனுப்பும் கருவியைக் கொண்டு அவர்களைக் கேட்கச் செய்யலாம். எந்தக் குழந்தைக்கும் செவிப்பரிசோதனையை முதல் மாதத்திலேயே செய்வது சிறந்தது. ஆறு மாதத்துக்குள் உதவி தொடங்கினால் மொழி வளர்ச்சி தடைப்படாது.

குடும்பங்கள் செய்யத்தக்கவை

வளைவுகள் உருவாகும் காலம் முந்திவிடுவதால், முன்னெச்சரிக்கை கருவுறுவதற்கு முன்பே தொடங்க வேண்டும். முகப்பருவுக்குத் தரப்படும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை, நரம்பு முகட்டுச் செல்களின் பயணத்தைக் குலைத்துக் காது, முகம், இதயம், தைமஸ் ஆகியவற்றில் கடுமையான குறைகளை விளைவிக்கக்கூடியது. அதைக் குறைந்தது ஒரு மாதத்துக்கு முன்பே நிறுத்தியபின்தான் கருவுற எண்ண வேண்டும். வலிப்பு நோய்க்கு மருந்து உண்பவர்கள் தாமாக நிறுத்திவிடாமல், மருத்துவரிடம் முன்கூட்டியே கூறி மருந்தை மாற்றிக்கொள்ளலாம். நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரை அளவைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகு கருவுறுவது நலம். ஃபோலிக் அமில மாத்திரையையும் கருவுறுவதற்கு முன்பிருந்தே மருத்துவர் சொற்படி உண்பது நல்லது. அதன் உறுதியான பயன், மூளை, தண்டுவடக் குறைகளைத் தடுப்பதாகும். மதுவையும் புகையையும் அறவே தவிர்க்க வேண்டும்.

பிறவிக் குறைகளைத் தொடக்கத்திலேயே கண்டறிய நம் நாட்டில் ஓர் அரசுத் திட்டம் உள்ளது. ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் எனப்படும் அது, 2013 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் பால்கரில் தொடங்கப்பட்டது. பிறந்த குழந்தை முதல் 18 வயது வரையுள்ளோரிடம் பலவகை உடல்நலக் குறைகளைக் கண்டறிந்து சிகிச்சைக்கு அனுப்புவது அதன் நோக்கம். உதடு, அண்ணப் பிளவும், பிறவிச் செவிக்குறையும், பிறவி இதயக் குறையும் அதில் அடங்கும். அரசு மருத்துவமனை, அங்கன்வாடி, அரசுப் பள்ளி ஆகியவற்றின் வழியே இத்திட்டத்தை அணுகலாம். பணி நிமித்தம் வேறு மாநிலத்தில் குடியேறிய குடும்பங்கள், தாம் வாழும் மாவட்டத்தின் தொடக்க நிலைச் சிகிச்சை மையத்தைக் கேட்டறிவது நல்லது.

மருத்துவக் காப்பீடு எடுத்தோர் ஒரு விதியைக் கவனித்துப் படிக்க வேண்டும். பிறவிக் குறைகளைக் காப்பீட்டு ஆவணங்கள், வெளியே தெரியும் உறுப்புகளில் உள்ளவை, உட்புற உறுப்புகளில் உள்ளவை என இருவகையாகப் பிரிக்கின்றன. உதட்டுப் பிளவு முதல்வகை. மூடாத இதயக் குழாய் இரண்டாம் வகை. இரண்டும் ஒரே வளைவுத் தொகுதியின் பிள்ளைகளே எனினும், ஆவணத்தில் அவற்றுக்குரிய விதிகள் வேறாக இருக்கலாம். பிறந்த குழந்தை எந்த நாளிலிருந்து காப்பில் சேர்கிறது என்பதையும், குழந்தையின் பெயரைச் சேர்ப்பதற்கான காலக்கெடுவையும் பிரசவத்துக்கு முன்பே கேட்டுத் தெளிந்துகொள்வது, பின்னர் வரும் அலைச்சலைக் குறைக்கும்.

நாம் உண்பதும், பேசுவதும், சிரிப்பதும், பிறர் சொல்வதைக் கேட்பதும் மிகப் பழைய வளைவுகளின் துணையால்தான். அவை கருவில் அமைவதற்குச் சில வாரங்களே எடுத்துக்கொள்கின்றன. அமைந்தபின் வாழ்நாள் முழுவதும் நமக்கு உழைக்கின்றன. அந்தச் சில வாரங்களில் தாய்க்குத் துணை நிற்பதும், பின்வரும் ஆண்டுகளில் செவியையும் குரலையும் பேணுவதும் குடும்பத்தின் கையில் உள்ளன.